ஹட்டன் துணிக்கடையின் பின்னறை

நானா,

போன ஞாயிற்றுக்கிழமை பியதாச என் குவாட்டர்ஸுக்கு வந்திருந்தார். கொழும்பில் யாரோ பாவித்து விற்ற ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோவை வாங்கிக்கொண்டு, றொசல்ல ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிற வேலை முடிந்ததும் நேரே என்னிடம் வந்துவிட்டார். மேசைமேல் வைத்து அதன் தோல் உறையைத் திறந்தார். அந்தத் தோல் வாசனை மேலே எழுந்ததும் இருவருக்கும் உங்கள் பின்னறை நினைவு வந்தது. அதை முதலில் யாருக்குக் காட்டியிருப்போம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் உங்கள் கடைக்கு முதன்முதலில் வந்தது பிள்ளைக்குச் சட்டைத் துணி எடுக்கத்தான். நீங்கள் பிளானல் துணியை வெட்டிக்கொண்டிருந்தீர்கள். உங்கள் முழங்கைக்குப் பக்கத்தில் ஒரு பெட்டிக் கேமரா இருந்தது. நான் துணியை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றதைக் கவனித்து, "கிளாக்கருக்கு இதில விருப்பமோ?" என்று கேட்டீர்கள். தோட்டத்து ஆபீசில் கிளார்க்காக இருந்த என் விருப்பத்தை அதுவரை யாரும் கேட்டதில்லை. அன்று துணியை மறந்துவிட்டு வீட்டுக்குப் போய் மனைவியிடம் ஏச்சு வாங்கினேன். கடைக்கு வருகிற மற்றவர்களைப் போல நானும் அன்றிலிருந்து உங்களை அண்ணன் முறையில் நானா என்றே கூப்பிட்டேன்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகள் நம்முடையவை ஆகிவிட்டன. சந்தைக்கு வந்த தோட்டத்துச் சனம் பஸ் பிடித்துத் திரும்பிய பிறகு, துணிக்கட்டுகள் அடுக்கிய பின்னறையில் கூடுவோம். பியதாசவை நான்தான் அழைத்து வந்தேன். சீமைக்குத் திரும்பிய ஒரு துரை பங்களாச் சாமான்களை விற்றபோது வாங்கிய தொலைநோக்கி ஒன்று அவரிடம் இருந்தது. யார் எதை வாங்கினாலும் அது முதலில் உங்கள் மேசைக்கு வர வேண்டும். நீங்கள் ஒரு பிளானல் துண்டை விரித்து, அதை நடுவில் வைப்பீர்கள். விலை கேட்கக் கூடாது என்பது உங்கள் சட்டம். "வெல கேட்டா சாமான் சின்னதாப் போயிரும்" என்பீர்கள். நான் கொண்டுவந்த மைப்பேனாவும் டார்ச் லைட்டும், பியதாசவின் காற்றழுத்தமானியும் அந்தத் துணியின் மேல் ராஜ மரியாதையோடு உட்கார்ந்தன. உள்ளிருந்து உங்கள் வீட்டம்மா இஞ்சி போட்ட தேநீர் அனுப்புவார். ஆறிப்போன பிறகுதான் நாங்கள் குடிப்போம்.

இடையில் நீங்கள் கேமராக்களை மாற்றத் தொடங்கினீர்கள். பெட்டிக் கேமரா போய் மடக்குக் கேமரா வந்தது. அதுவும் போய் இரண்டு லென்ஸ் வைத்தது வந்தது. படம் தெளிவாக விழவில்லை என்பதுதான் எப்போதும் உங்கள் குறை. கடையில் துணி குறைகிறது, கேமரா கூடுகிறது என்று நாங்கள் கேலி செய்தோம். தேயிலைச் செடிகளுக்கு நடுவில் என் மகளை நிற்க வைத்து நீங்கள் எடுத்த படத்தில், அவள் காதில் இருந்த தோட்டின் கல்கூடத் தெரிந்தது. நீங்களோ அதை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்துவிட்டு, முகம் மூட்டமாக இருக்கிறது என்றீர்கள். நல்ல படம் எடுத்தவன் தன் படத்தில் குறை சொல்வது வழக்கம்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

பியதாச புது அலாரம் கடிகாரம் கொண்டுவந்த ஞாயிற்றுக்கிழமைதான் விஷயம் வெளியே வந்தது. அதைக் கையில் வாங்கி, எண்கள் எடுப்பாக இருப்பதாகப் பாராட்டினீர்கள். உங்கள் முகத்துக்கு நேரே இருந்தது கடிகாரத்தின் பின்பக்கம். பியதாச உங்கள் கைக்குள்ளேயே அதை மெதுவாகத் திருப்பி வைத்தார். நீங்கள் அதன் கண்ணாடியை விரலால் தடவிப் பார்த்தீர்கள்.

"கொழும்பு டொக்டர் கண் இனிச் சரிவராது எண்டுட்டார்" என்றீர்கள். "வீட்டில மட்டுந்தான் தெரியும். கேமராவிலதான் பிழை எண்டு நானும் கன நாள் நெனச்சேன்."

அதற்குப் பிறகும் நாங்கள் வந்தோம். சாமான் இப்போது மேசைக்குப் போகாமல் நேரே உங்கள் கைக்கு வந்தது. விரலால் தடவி, திருகிப் பார்த்து, காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்பீர்கள். நாங்கள் நிறத்தையும் எழுத்தையும் சொல்வோம். உண்மையைச் சொன்னால், ஒரு பொருளை நாம் மூவரும் அவ்வளவு நேரம் பார்த்தது அந்த நாட்களில்தான்.

பிறகு அரசாங்கம் இறக்குமதியை நிறுத்தியதால் வெளிநாட்டுச் சாமான் வருவது தடைப்பட்டது. எனக்கும் பியதாசவுக்கும் கொண்டுவர ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் உங்களிடம் மட்டும் வாராவாரம் ஏதாவது இருந்தது. கொழும்பு, கண்டி என்று ஆட்களிடம் சொல்லி வைத்து எப்படியோ வரவழைத்தீர்கள். ஒருநாள் புத்தம் புதிய கேமரா ஒன்றை எடுத்து வைத்தீர்கள். பியதாசவால் பொறுக்க முடியவில்லை. அவருக்குத் தெரிந்த தமிழில், "நானா, படம் எடுக்க ஏலாதுதானே, இது எதுக்கு?" என்று கேட்டுவிட்டார்.

நீங்கள் சிரித்தீர்கள். "புதுசா ஒண்டும் இல்லாட்டி நீங்க ரெண்டு பேரும் ஏன் இங்க வாரீங்க?"

அதற்கான பதில் என் வாய்வரைக்கும் வந்து நின்றது. ஆண்பிள்ளைகள் ஒருவருக்கொருவர் அப்படிப் பேசிக்கொள்வதில்லை என்ற கூச்சமோ, அடுத்த ஞாயிறு சொல்லிக்கொள்ளலாம் என்ற எண்ணமோ, தெரியவில்லை. கேமராவைக் கையில் எடுத்து, "லென்ஸ் நல்லா இருக்குங்க நானா" என்றேன். நீங்கள் திருப்தியாகத் தலையாட்டினீர்கள்.

அந்த அடுத்த ஞாயிறு வரவில்லை. வட்டவளைப் பக்கம் மண் சரிந்து ஹட்டனுக்கு ரயில் ஓடவில்லை. நீங்கள் போய்விட்ட செய்தி எங்களுக்குக் கிடைத்தபோது ஜனாஸாவை அடக்கம் செய்து முடித்திருந்தார்கள். மழையில் நனைந்துகொண்டு நாங்கள் கடைக்கு வந்து சேர்ந்தபோது முன்கதவு பாதி சாத்தியிருந்தது. உங்கள் வீட்டம்மாவின் தம்பி எங்களைப் பின்னறைக்குக் கூட்டிப் போனார். அலமாரியில் காகிதம் பிரிக்காத பெட்டிகள் சில இருந்தன.

"இது ஒண்டையும் அவர் தெறக்கல்ல" என்றார். "நீங்க வந்தாத்தான் தெறக்கணும் எண்டு வெச்சிருந்தார். எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லி எங்க ராத்தா சொன்னாங்க" என்று அக்காவின் வார்த்தையையும் சேர்த்துக்கொண்டார்.

பியதாச என் முகத்தைப் பார்த்தார். நாங்கள் அவற்றைத் தொடவில்லை. வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லிவிட்டு வந்தோம். அவற்றுக்குள் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அறியும் ஆசையும் இல்லை.

நானா, இப்போது யாரைப் பார்க்கப் போனாலும் நான் வாசலில் நின்றே சொல்லிவிடுகிறேன்: "வேற ஒரு வேலையும் இல்லீங்க, உங்களப் பார்க்கத்தான் வந்தேன்." சிலர் சிரிக்கிறார்கள். கடன் கேட்கப் போகிறேனோ என்று சிலர் யோசிக்கிறார்கள். பியதாச ரேடியோவைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது அவரிடமும் சொன்னேன், அடுத்த முறை கையை வீசிக்கொண்டு வாங்க என்று. அவர் என் கையைப் பிடித்துவிட்டுப் படியிறங்கினார்.