ஃபோர்க் மாற்றிய படலம்

ஜூலை 8, திங்கள்
மண்ணூர்பேட்டைப் பள்ளத்தில் இன்று பாதாள லோகம் வரை போய் வந்தோம். என் இருபத்தாறு வயது பைக்கின் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் முழுசாக அமுங்கி 'டங்'கென்று அடித்தது. பின்னால் இருந்த என் மனைவி தாயம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

"இனிமே உன் வண்டில ஏற மாட்டேன்யா. ஷேர் ஆட்டோல பூடறேன்."

அவளைக் கம்பெனியில் இறக்கிவிடும் அந்த இருபது நிமிடம்தான் எங்கள் இல்லறம். மீதி நேரமெல்லாம் ஆளுக்கொரு ஷிஃப்ட்.

ஜூலை 9
தனியாகப் போனேன். திட்ட ஆளில்லை. காது இரண்டும் சும்மாவே வந்தன.

ஜூலை 11, வியாழன்
"உள்ள ஸ்பிரிங் செத்துப்போச்சு அண்ணாத்தே. வேற போட்டு ஆயிலும் மாத்திடலாம். உன் வெயிட்டு இன்னா?" என்றான் மெக்கானிக் ஜெகதீசன்.

எடை எதற்கு? ஃபோர்க்குக்கா, பாடைக்கா? பக்கத்தில் நின்ற ஃபிளாட்டுக்கார ஸ்ரீநாத், கேட்காமலே "நான் எண்பத்தாறு, அங்கிள்" என்றார். என் வம்சம் பொறுக்குமா? "நூத்திப்பத்து!" என்று முழங்கினேன்.

ஜெகதீசன் ஏற இறங்கப் பார்த்தான். "லுங்கில இரும்பு கட்டிகினு கீறியா?"

"எலும்பு கனம்பா."

ஜூலை 14, ஞாயிறு
புது ஸ்பிரிங். எறும்பு மேல் ஏறினாலும் என் தோள்பட்டை கழன்று அம்பத்தூர் ஏரியில் விழுகிறது. மெத்தையாகும் என்றார்களே, பாறையாகிவிட்டதே? ஆயில் தப்பா? டயரில் காற்று அதிகமா? தாயம்மா தெருமுனை வரை வந்து இறங்கிவிட்டாள். "இதுக்கு பழசே தேவலாம்."

ஜூலை 16
ஒன்றும் புரியவில்லை.

ஜூலை 18, வியாழன்
ஜெகதீசன் ஃபோர்க் குழாயில் ஒரு பிளாஸ்டிக் டேக் கட்டி, ஏறி உட்காரச் சொன்னான். வண்டி அமுங்குகிற அளவுக்கு டேக் மேலே ஏறுமாம். ஏறவே இல்லை.

"நீ சொன்ன வெயிட்டுக்கு ரெண்டு வெரல் ஏறணும். கொசு குந்தினா மாதிரி கீது. மெய்யா சொல்லு, எவ்ளோ?"

"...அறுபத்திரண்டு."

"அடப்பாவி! உன்னிய நம்பி யானைக்கு ஸ்பிரிங் போட்டுக்கீறேன்!"

ஜூலை 22, திங்கள்
எங்கள் இருவரின் உண்மை எடைக்கு வேறு ஸ்பிரிங். தாயம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டே ஏறினாள். "ஒரு தபா. அவ்ளோதான்."

பாதி வழி தாண்டியும் பேச்சே இல்லை. கோபமா? வலியா? கேட்கலாமா — வேண்டாமா? அப்போது முதுகில் அவள் தலை சாய்ந்தது. லேசாகக் குறட்டை.

கம்பெனி வாசலில் நிறுத்தினேன். மணியடிக்க இன்னும் ஆறு நிமிடம் இருந்தது. எஞ்சினை அணைத்துவிட்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.