நீயே தூக்க முடிகிற பை

அன்பு மகளுக்கு,

இங்கே அப்பாவும் நானும் சுகம், என் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீ சுகம் என்பதையும், ஒரு மாதம் லீவு போட்டுவிட்டுத் தனியாக ஊர் சுற்றக் கிளம்புகிறாய் என்பதையும் உன் அண்ணன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பெற்றவளுக்குக் கடைசியில்தான் சேதி. அவன் என் தையல் கடைக்கே வந்து நின்று, அம்மா நீ சொன்னால்தான் அவள் கேட்பாள், போகாதே என்று ஒரு வார்த்தை சொல் என்று ஒரு மணி நேரம் அரித்தெடுத்தான். மறுநாள் நீ, அம்மா வேண்டாம் என்றால் டிக்கெட்டை ரத்து செய்துவிடுகிறேன் என்று செய்தி அனுப்புகிறாய். அண்ணனும் தங்கையும் சேர்ந்து முடிவை என் தலையில் கட்டப் பார்க்கிறீர்கள். போனில் சொன்னால் நடுவில் புகுந்து பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு பஸ் ஸ்டாண்டைத் தாண்டி என்ன தெரியும் என்று அவனிடம் கேட்டாயாமே. தெரியாதுதான். ஆனால் இருபத்தாறு வருடமாகப் பையும் பெட்டியும் தைக்கிறேன், யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, கிழிந்ததைப் பிரித்துப் பார்த்தே கற்றேன். யார் எப்படிப் போனார்கள் என்பதை அவர்கள் பையே சொல்லிவிடும். கைப்பிடி பிய்ந்து வந்தால் வீட்டையே தூக்கிக்கொண்டு போனவர்கள். வெளிப்பக்கப் பாக்கெட் பிளேடால் கீறப்பட்டிருந்தால் பாஸ்போர்ட்டையும் பணத்தையும் அங்கேயே வைத்தவர்கள். நீ இரண்டையும் வேறு வேறு இடத்தில் வை. வருடா வருடம் தனியாகப் போகிற நர்ஸ் ஒருத்தி இருக்கிறாள், அவள் பைக்கு ஒன்பது வருடத்தில் ஒரே ஒரு பக்கிள்தான் மாற்றியிருக்கிறேன். புது ஊருக்குள் பகலில் போய்ச் சேர், முதல் ராத்திரிக்கு மட்டுமாவது அறையை முன்கூட்டியே பிடித்து வை என்பாள். "வழியைக் கடைக்காரங்ககிட்ட கேளுங்கக்கா, கடையை விட்டுட்டு அவங்களால நம்ம பின்னாடியே வர முடியாதுல்ல" என்றாள். அதைத் தனியாகக் குறித்துக்கொள்.

யாரிடமும் சொல்லாத ஒன்றையும் சொல்கிறேன். நீ ஏழாவது படிக்கும்போது என் சிநேகிதி ஊருக்கு நாலு நாள் கிளம்பினேனே, பஸ் ரத்தாகிவிட்டது என்று திரும்பி வந்தேனே, அந்த பஸ் நேரத்துக்கு வந்தது. நான் தைத்த பெட்டிதானே, தாங்கும் என்று போர்வை, இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றையும் அதில் திணித்திருந்தேன். பெட்டி தாங்கியது, என்னால்தான் படியில் ஏற்ற முடியவில்லை. கண்டக்டர் குனிந்து, "கூட யாராவது வர்றாங்களாம்மா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, வருகிறார்கள் என்று பொய் சொன்னேன். அப்படியானால் அவர்களோடு அடுத்த பஸ்ஸில் வாருங்கள் என்று விசில் ஊதிவிட்டுப் போய்விட்டார். அதற்கப்புறம் நான் எங்கும் கிளம்பவில்லை. நீங்கள் குறுக்கே நின்றீர்கள் என்று இத்தனை வருடம் முணுமுணுத்ததெல்லாம் சும்மா.

அதனால் பையைக் கட்டியதும் உன் மூன்று மாடியையும் ஒருமுறை ஏறி இறங்கிப் பார். மூச்சு வாங்கினால் பாதியை எடுத்து வெளியே வை. தூக்க முடியாவிட்டால் பக்கத்தில் நிற்கிறவரிடம் வாய்விட்டுக் கேள், அதில் ஒரு கௌரவமும் குறைந்துவிடாது. புதுச் செருப்போடு மட்டும் கிளம்பாதே.

போகிற இடமெல்லாம் நல்ல தண்ணீரும் நல்ல மனிதர்களும் உனக்குக் கிடைக்கட்டும். உன் அண்ணன் நேற்றும் வந்தான், அவள் கிளம்பியே போய்விட்டாள் என்று சொல்லிவிட்டேன். நீ வண்டி ஏறுகிறவரை அவன் போனை எடுக்காதே. நான் சொன்னது சொன்னதுதான், டிக்கெட்டை ரத்து செய்து என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே.

இப்படிக்கு,
மாறாத அன்புடன்,
உன் அம்மா