உள்ளே குண்டு, சட்டப்படி காலி

அன்புள்ள ஜோலீனுக்கு, அம்மா எழுதுவது. முட்டிவலியும் பனியும் போக இங்கே மற்றதெல்லாம் சௌக்கியம், பெர்த்தில் வெயில் கொளுத்துகிறதாமே, தொப்பியில்லாமல் வெளியே போகாதே. இந்த வருஷம் ரைஃபிள் வேட்டைப் பருவம் இரண்டு வாரமும் எங்களுக்கு ஒரு மான்கூடச் சிக்கவில்லை, ஐஸ்பெட்டி காலி, அப்பாவுக்கும் ஆலையில் பாதி நாள்தான் வேலை. கிறிஸ்துமஸுக்குப் பிறகு கல்லுரசிப் பொறியில் வெடிக்கிற அந்தக் காலத்துச் சக்கிமுக்கித் துப்பாக்கிக்கென்று தனிப் பருவம் உண்டல்லவா, மிச்சமிருக்கும் ஆண்மான் அனுமதிச் சீட்டில் பெண்மானையும் சுடலாம் என்று கேள்விப்பட்டு உன் ஹார்லன் சித்தப்பாவிடம் அந்தத் துப்பாக்கியை இரவல் வாங்கினேன். குழாய்க்குள் வெடிமருந்தைக் கொட்டிக் குண்டை இடித்துக் கெட்டித்து, நல்ல பெண்மானாகப் பார்த்து விசையை இழுத்தால் பொறி பறந்தது, வெடிக்கவில்லை. மான் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நடந்துபோனது. பொறி விழுந்து முதலில் பற்றவேண்டிய, வெளிக்கிண்ணியில் இருந்த பற்றுமருந்து ஈரம், அதைத் துடைத்தெறிந்துவிட்டு அப்பா காத்திருந்த வண்டிக்கு வந்தேன், குழாய்க்குள் போன மருந்தும் குண்டும் அப்படியே கிடந்தன.

பாலத்தருகே ட்ரெஸா என்ற வேட்டை அதிகாரி கைகாட்டி வண்டியை நிறுத்தினாள். போன வருஷம் வண்டியிலிருந்த ரைஃபிளில் ஒரேயொரு தோட்டா கிடந்ததற்குச் சித்தப்பா அபராதம் கட்டினாரே, அதுதான் என் நினைவுக்கு வந்தது. அவள் வாயைத் திறக்கும் முன்பே அப்பா, "துப்பாக்கி காலிதாம்மா, சுத்தமா காலி" என்றார். எனக்குப் பொய் சொல்ல வராதே, "இல்லம்மா, மருந்தும் குண்டும் உள்ளதான் இருக்கு" என்றேன். அப்பா என் காலை மிதித்தார். வேட்டை உரிமம் போயிற்று என்றே நினைத்தேன். அவளோ குனிந்து கிண்ணியைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "பற்றுமருந்து இல்லன்னா இது சட்டப்படி காலிதான். அவர் சொன்னதும் சரி, நீங்க சொன்னதும் சரி" என்றாள். அதெப்படி, ரைஃபிளுக்கு ஒரு நியாயம் இதற்கு ஒரு நியாயமா என்று விடாமல் கேட்டேன். தோட்டாவுக்குள் நெருப்பும் சேர்ந்தே இருக்கிறது, இதற்கு வெளியிலிருந்து நெருப்பு வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசமாம். எனக்கு இன்னும் கேள்வி தீரவில்லை, சட்டப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன். வீடு வரும்வரை அப்பா, "முப்பது வருஷம் குடித்தனம் பண்ணிட்டு என்னப் புடிச்சுக் குடுக்கப் பாத்தியே வெர்னா" என்று புலம்பினார். மறுநாள் நான் தனியாகப் போய் ஒரே குண்டில் ஒரு பெண்மானைச் சாய்த்தேன், பிறகு வந்து முனகிக்கொண்டே அதை வண்டிவரை இழுத்தவர் அப்பாதான்.

கர்த்தர் உன்னைக் காக்கட்டும் கண்ணு. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் அப்பாவுக்குப் போன் செய். சட்டத்தைக் கரைத்துக் குடித்ததால்தான் காலி என்று சொன்னதாக ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார், உன்னிடமும் சொல்வார். நீ முதன்முதலாகக் கேட்பதுபோல் கேட்டுக்கொள்.

உன் அம்மா,
வெர்னா