சமையலறைச் சுவரில் புகைக்குழாய்

அன்புள்ள ரோசலீனுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று போனில் கேட்டால், "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு உடனே உன் தங்கையிடம் கொடுத்துவிடுகிறாய். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். இதைப் பாதியில் யாரிடமும் கொடுத்துவிட முடியாது, முழுக்கப் படித்தாக வேண்டும்.

விறகடுப்பு தயார். "புகை மூச்சில் படாத வீடாக இருந்தால் தாராளமாகக் கூட்டிப் போங்கள்" என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து நான் வேறு எந்த வேலையையும் தொடவில்லை. பழைய செங்கல் புகைபோக்கி உள்ளே வெடித்துக் கிடந்தது, அதை மூடிவிட்டேன். இனிமேல் புகை எவர்சில்வர் குழாயில் சமையலறையின் மேற்குச் சுவரைத் தாண்டி வெளியே போய், கூரைக்கு மேலே ஏறிப் போகும். பனி கொட்டிப் பாதை அடைபடுவதற்குள் நீ வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

நீ ஆசையாக ஒட்டிய நீலப்பூக் காகிதத்தில் ஒரு சதுரம் போய்விட்டது. திட்டாதே, வேறு வழியில்லை. சுவரை அறுத்தேனோ இல்லையோ, உன் அப்பா அந்தக் காலத்தில் குளிருக்காக உள்ளே நிரப்பிய மரத்தூள் மடமடவென்று தரையில் கொட்டியது. அந்த மனுஷர் செத்த பிறகும் என்னை வேலை வாங்குகிறார். மூன்று நாள் பெருக்கினேன், இன்னும் என் காபியில் தூள் மிதக்கிறது. மிச்சத் தூள் சரியாமல் இருக்கத் துளையைச் சுற்றிப் பலகை அடித்து, நடுவில் குழாயை நுழைத்து, வெளியே தாங்கியும் வைத்து நிமிர்ந்தபோது எனக்கே கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது.

அங்கேதான் புத்தி கெட்டுப் போனது. குழாய்க்கும் பலகைக்கும் நடுவே சுற்றிலும் இரண்டு அங்குலம் காலியாக விட வேண்டும் என்று பெட்டியோடு வந்த தாளில் எழுதியிருந்தது. காலியாகவா? வயலில் உருளைக்கிழங்கு எடுத்து முடித்ததும், குளிர் வருமுன், நம் ஊரில் யார் சும்மா இருக்கிறார்கள்? ஜன்னல் இடுக்கில் துணி, கதவடியில் சாக்கு, வீட்டைச் சுற்றி ஃபிர் மரக் கிளை என்று அடைத்துக்கொண்டுதானே இருப்போம். இந்தத் தாளை எழுதினவன் நம் ஜனவரியைக் கண்டிருக்க மாட்டான் என்று சிரித்துவிட்டு, குளிருக்காகச் சுவரில் அடைக்கிற, தாள் ஒட்டிய கண்ணாடிப் பஞ்சை அந்த இடைவெளி முழுக்கத் திணித்து மேலே தகட்டை மூடினேன். உனக்குக் காற்று அடிக்கக் கூடாது என்றுதான், ரோசலீன். நான்கு நாள் நன்றாக எரித்தும் பார்த்தேன்.

போன சனிக்கிழமை உன் தம்பி அல்சீட் சோதனைக்கு வந்தான். ஊர்த் தீயணைப்புக் குழுவுக்குத் தலைவன் ஆனதிலிருந்து அவன் நடையே வேறு. தகட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "என்ன மச்சான், குழாய்க்குத் தலையணை வெச்சுத் தூங்க வெச்சிருக்கியா?" என்றான். எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறிவிட்டது. "நீ டவுசர் போட்ட காலத்துல இருந்து நான் அடுப்பு மூட்டுறேன்டா, எனக்குப் பாடம் நடத்தாதே" என்று கத்திவிட்டேன். அவன் பஞ்சைப் பிய்த்து என் கையில் வைத்தான். குழாயை ஒட்டியிருந்த தாளெல்லாம் பழுப்பேறி, ஓரத்தில் கருகியிருந்தது. சூடு வெளியேற இடமில்லாமல் பலகைப் பக்கம் போய்க்கொண்டிருந்திருக்கிறது. பலகைக்குப் பின்னால் அந்த மரத்தூள்.

அல்சீட் சமையலறையைச் சுற்றிப் பார்த்தான். உன்னால் மாடி ஏற முடியாது என்று உன் கட்டிலைக் கீழே கொண்டுவந்து போட்டிருந்தேன். "அக்கா இங்கதான படுக்கப் போறா?" என்று மட்டும் கேட்டான்.

நான் வாசற்படியில் போய் உட்கார்ந்து அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது? நாற்பத்தொரு வருஷம் உன்னைக் குளிரவிடாமல் பார்த்துக்கொண்டவன், என் கையாலேயே உனக்குக் கொள்ளி வைக்கப் பார்த்திருக்கிறேன். அவன் கொஞ்ச நேரம் திருகாணி பொறுக்குகிற மாதிரி பாவனை செய்தான். பிறகு வந்து, "எந்திரி மச்சான், இருட்டுறதுக்குள்ள முடிச்சிடலாம்" என்றான். பஞ்சு முழுவதையும் எடுத்தோம், பலகையைத் தட்டிப் பார்த்தோம், நல்லவேளை பழுது இல்லை. இரண்டு அங்குலமும் இப்போது காலியாக இருக்கிறது. தொட்டால் சுவர் சாதாரணமாகத்தான் இருக்கிறது. அவன் கையெழுத்தும் போட்டுவிட்டான்.

அதோடு விடவில்லை. துவைத்த வெள்ளைப் போர்வை ஒன்றை அடுப்பு அறையில் இரண்டு நாள் தொங்கவிட்டு முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாசனை மட்டும்தான் வருகிறது. அதே அடுப்பில் நம் ப்ளோய் தோசை சுட்டேன். உனக்கு வருகிற மாதிரி மேலே கண் கண்ணாகத் துளை விழவில்லை, ஆனால் வெண்ணெய் தடவினால் தின்ன முடிகிறது.

உன் கடிதத்துக்கு வருகிறேன். தங்கை வீட்டிலேயே இருந்துவிடுகிறேன் என்கிறாய். என்னைப் படுத்தி எடுக்க வேண்டாம் என்கிறாய். டாக்டர் மருந்தை ஏன் நிறுத்தினார் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. உன்னைத் தூக்கிவிடவும் குளிப்பாட்டவும் எனக்குக் கை இருக்கிறது. நீ இல்லாத வீடுதான் என்னைப் படுத்துகிறது.

அல்சீட் வியாழக்கிழமை வண்டியோடு வருவான். தயவுசெய்து அவனைத் திருப்பி அனுப்பிவிடாதே. "ஒரே ஒரு குளிர்காலத்துக்காகவா சுவரை உடைச்சே?" என்று கேட்டிருக்கிறாயே. ஆமாம் ரோசலீன், அந்த ஒன்றைத்தான் கேட்கிறேன். அதை எனக்குக் கொடு.

விறகு அடுக்கி, கதவைப் பார்த்திருக்கும்
உன் நொர்மான்