மருமகளை யார் தூக்குவது

டிக்கோயா,
மேல் பிரிவு, நாலாம் லயம்.
15.06.2025

திருவளர்செல்வியும், கொழும்பு மாநகரத்து மருந்துக்கடை ஒன்றைத் தன் சுண்டுவிரலால் நடத்தி வருபவளுமான என் ஒரே மருமகள் பிரியந்தினிக்கு,

வலது கணுக்கால் நீங்கலாக மற்ற உறுப்புகள் எல்லாம் நலம். உன் உறுப்புகளின் நலம் அறிய ஆசை.

போனில் கத்தாமல் மாமா ஏன் காகிதத்தில் இறங்கிவிட்டார் என்று நினைப்பாய். கால் உடைந்த நாள் முதல் பூண்டுலோயாவிலிருந்து கட்டார் வரை சொந்தக்காரர் ஒருவர் விடாமல் அழைத்து விவரம் சொன்னேன். அது உன் அத்தைக்குப் பொறுக்கவில்லை. போனைப் பிடுங்கிக்கொண்டாள். தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகும்போதுகூட அதைக் கூடையில் போட்டுக்கொண்டு போகிறாள்.

நடந்ததைக் கேள். பீலிக்கரையில் குளித்துக்கொண்டிருந்தேன். மழை இருட்டு. மேட்டிலிருந்து ஒரு சிறுத்தை இறங்கியது. நம் கோயில் தேர் இருக்கிறதே, அதில் பாதி உயரம். கங்காணியாக இருபத்தைந்து வருஷம் மலை அதிரக் கத்திய தொண்டை இது. ஓர் அதட்டு அதட்டினேன். மிருகம் அலறிக்கொண்டு கண்டிப் பக்கம் ஓடியது. ஓடுகிற ஓட்டத்தில் என் கணுக்காலில் ஓர் உதை. அவ்வளவுதான்.

ஆபரேஷன் அன்று நாட்டிலுள்ள எலும்பு டொக்டர்மாரில் பாதிப் பேர் என்னைச் சுற்றி நின்றார்கள். உள்ளே ஒரு தகடு வைத்து ஆணி அடித்திருக்கிறார்கள். ஆறு வாரம் காலை ஊன்றவே கூடாதாம். தலையணை மேல் தூக்கி வைத்தபடி, மகாவிஷ்ணு போலப் படுத்திருக்கிறேன். பாம்பு மட்டும்தான் குறை.

நீ எதற்கும் கவலைப்படாதே. ஆவணியில் உன்னைத் தூக்கப்போவது நான்தான். கொழும்புத் தண்ணீரில் நம் வழக்கம் மறந்திருக்கும் என்பதால் சொல்கிறேன்: நம் வகையறாவில் கல்யாணப் பெண்ணின் கால் வாசலிலிருந்து மணவறை வரை தரையில் படக்கூடாது. மூத்த தாய்மாமன் தலைப்பாகை கட்டிக்கொண்டு தூக்கிப் போகவேண்டும். மூத்தவன் இருக்க இளையவன் தொடக்கூடாது. மூத்தவனே தன் கையால் அவன் தலையில் தலைப்பாகையைக் கட்டிவிட்டால் மட்டும் வேறு பேச்சு. நான் கட்டப்போவதில்லை. என் தம்பி கணேசமூர்த்தி கோழிக்கடை நடத்துகிறவன். கோழி தூக்கிப் பழகிய கைக்கு நீ சரிப்பட்டு வரமாட்டாய்.

இப்படிக்கு,
சிறுத்தை விரட்டிய செம்மல், ஒற்றைக்கால் சக்கரவர்த்தி,
உன் மூத்த தாய்மாமன் வீரபத்திரன்

*

கொழும்பு
22.06.2025

என் அன்பு மாமாவுக்குப் பிரியந்தினி கும்பிட்டு எழுதுவது.

கடிதம் கிடைத்தது. விடுதியில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து ஒருத்திக்குப் புரையேறிவிட்டது. அத்தையோடும் பேசினேன். "சிறுத்தையுமில்ல, சிங்கமுமில்லம்மா. கண்ணுல சவுக்காரம் போயிருச்சு, துண்டைத் தேடிக்கிட்டு பாசியில கால வச்சிட்டாரு" என்றார்கள். சவுக்காரத்துக்குத் தேரில் பாதி உயரம் கொஞ்சம் அதிகம், மாமா.

விளையாட்டுப் போகட்டும். கால்விரல்களை அசைத்துக்கொண்டே இருக்கிறீர்களா? விரல் மரத்தாலோ, நீலம் பாய்ந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். மாவுக்கட்டுக்குள் அரிக்கிறது என்று ஈர்க்குச்சி விடாதீர்கள். நீங்கள் விடுவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

அம்மாவுக்குத்தான் யோசனை. தகடு வைத்த காலோடு அண்ணன் எப்படித் தூக்குவார் என்று கேட்கிறார்கள். சின்ன மாமா பேசினார்: "அண்ணன் சரின்னு சொன்னா நான் தூக்குறேன். அவரு சொல்லாம நான் வாசப்படிய மிதிக்கமாட்டேன்" என்றார். யோசித்துச் சொல்லுங்கள்.

உங்கள் வருங்கால மாப்பிள்ளை நிரஞ்சனும் உங்கள் காலைப் பற்றிக் கேட்டார். லீவில் வட்டவளையில் தன் வீட்டுக்கு வரும்போது உங்களை வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

உங்கள்,
பிரியந்தினி

*

டிக்கோயா
04.07.2025

பாசமுள்ள, ஆனால் அத்தை பேச்சை நம்புகிற பலவீனமுள்ள மருமகளுக்கு,

சவுக்காரம் என்பது எதிர்க்கட்சியின் பொய்ப் பிரசாரம்.

உலகத்தின் மேல் எனக்கு இப்போது ஒரே எரிச்சல். காம்பரா வீட்டு வாசலில் நாற்காலி போட்டு, ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருக்கிறேன். எதிரே போகிறவன் வருகிறவன் எல்லாம் இரண்டு காலோடு போகிறான். வீரய்யா கிழவன், எழுபது தாண்டியவன், அவனும் இரண்டு காலோடு கடைக்குப் போகிறான். ஆட்டுக்கு நாலு கால். நான் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கே நாலு கால். நேற்றுச் சுவரில் ஒரு மரவட்டை ஊர்ந்தது. அதன் கால்களைப் பார்த்தபோது எனக்கு வந்த ஆத்திரத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கழிப்பறைக்கு நாலு படி இறங்கவேண்டும். அதற்கு உன் அத்தை தோளும், பக்கத்துக் காம்பரா சோலைமலை தோளும், என் இரண்டு ஊன்றுகட்டையும் வேண்டியிருக்கிறது. ராஜா ஊர்வலம்கூட இத்தனை பரிவாரத்தோடு போயிருக்காது.

இந்த நேரம் பார்த்து உன் சின்ன மாமன் வந்தான். திராட்சையும் மால்ட் மாப் போத்தலும் வாங்கி வந்தான். வந்தவன் உட்காரவேண்டியதுதானே? காம்பராவுக்குள் அப்படியும் இப்படியும் நடக்கிறான்.

"ஏன்டா நடக்கிற?" என்றேன்.

"பஸ்ல உக்காந்தே வந்தேன்ல அண்ணே, கால் மரத்துருச்சு."

எனக்கு எதிரே கால் மரத்ததாம்! உன் அத்தை வேறு அவனுக்குச் சுடச்சுட ரொட்டி தட்டிப் போட்டுவிட்டு, "தம்பிக்கு நல்ல தோளு" என்றாள். நாற்பது வருஷமாக அந்தத் தோளை அவள் பார்த்ததில்லையா? போகும்போது அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "அண்ணே, அந்தத் தலப்பாக விசயம்..." என்று இழுத்தான். தூக்கம் வந்துவிட்டது போலக் கண்ணை மூடிக்கொண்டேன். பஸ் போகும் வரை திறக்கவில்லை. திராட்சை புளிப்பு. முழுவதையும் தின்றுவிட்டேன்.

நானே தூக்குவேன். அம்மாவிடம் சொல்.

அசைக்க முடியாத,
வீரபத்திரன்

*

கொழும்பு
10.07.2025

அன்பு மாமாவுக்கு,

கால் வீக்கம் வற்றியதா? தையல் பிரித்த இடத்தில் நீர் கசிகிறதா? நான் கேட்டதற்குப் பதில் இல்லை. சின்ன மாமாவின் தோளைப் பற்றி மட்டும் ஒரு பக்கம் இருந்தது.

மாமா, உங்கள் தோளில் ஏறிக் கோயில் திருவிழா பார்த்தவள் நான். யார் தூக்கினாலும் அந்த இடம் உங்களுடையதுதான். ஆனால் மாப்பிள்ளை வீட்டில் முறைகளைக் கேட்கிறார்கள். அம்மா பதில் சொல்ல முடியாமல் முழிக்கிறார்கள். நீங்கள் வாயால் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

கூறைச்சேலை எடுத்தாயிற்று. கல்யாணத்துக்குப் பிறகு வத்தளையில் ஒரு சின்ன வீடு பார்த்திருக்கிறோம். மாடியில் இரண்டு அறை. அதைப் பற்றி உங்களுக்கு நிறைய எழுதவேண்டும். நீங்கள் கேட்டால் எழுதுவேன்.

நிரஞ்சன் வருகிற ஞாயிறு உங்களைப் பார்க்க வருகிறார்.

உங்கள்,
பிரியந்தினி

*

டிக்கோயா
22.07.2025

வீரத் தாய்மாமனின் வீர மருமகளுக்கு,

முதலில் நல்ல செய்தி: நான் உயிரோடு இருக்கிறேன்.

உன் மாப்பிள்ளைப் பையன் வந்தான். பஸ் வரும் வரை இருந்து சிறுத்தைக் கதையை முழுவதும் கேட்டான். உன் சின்ன மாமனின் துரோகங்களையும் கேட்டான். நல்ல காது.

அவன் போனபின் எனக்குள் ஒரு வேகம். ஆறு வாரம் முடியப்போகிறது, இனிப் பயிற்சி தொடங்கவேண்டியதுதான் என்று முடிவு கட்டினேன். உன் எடைக்கு ஒரு முழு மூட்டை கோதுமை மா சரியாக இருக்கும் என்று கணக்குப் போட்டேன். உன் அத்தை வேலைக்குப் போன பிறகு சோலைமலையைக் கூப்பிட்டேன்.

"மூட்டையத் தூக்கி என் கையில வைடா."

"எதுக்கு கங்காணியாரே?"

"பொண்ணு மாதிரி நெனச்சு வைடா."

அவன் பயபக்தியோடு வைத்தான். நின்றேன், மருமகளே! ஒரு யுகம் நின்றேன். மணவறை கண்ணுக்குத் தெரிந்தது, நாதஸ்வரம் கேட்டது. வலது காலை எடுத்து முன்னே வைத்தேன். அதன் பிறகு கேட்டது நாதஸ்வரம் இல்லை, நான் போட்ட சத்தம். மூட்டை வெடித்துக் காம்பரா முழுக்க மா. உன் அத்தை ஓடி வந்து பார்க்கும்போது நான் வெள்ளைக்காரத் துரை மாதிரிக் கிடந்தேன்.

"மருமகள மாமன் தூக்குவாரு, சரி. மாமன யாரு தூக்குறது?" என்று கேட்டுவிட்டு அவள் அழுதாள். அதுதான் கொஞ்சம் கஷ்டமாகப் போய்விட்டது.

படம் பிடித்துப் பார்த்ததில் ஓர் ஆணி ஆடிவிட்டதாம். "பிஸ்ஸுத மாமே?" என்றார் டொக்டர். பைத்தியமா என்று இத்தனை மரியாதையாக என்னை யாரும் கேட்டதில்லை. மறுபடியும் மாவுக்கட்டு, மறுபடியும் ஆறு வாரம். ஆவணியிலும் கட்டைதான்.

ஆகவே என் தீர்ப்பு: நான் தூக்க முடியாது என்றால் யாரும் தூக்கவேண்டாம். கணேசன் தலையில் தலைப்பாகை கட்ட என் கை வராது. நீ நடந்தே வா. கொழும்பில் எல்லாப் பெண்களும் நடந்துதானே வருகிறார்கள்.

இப்படிக்கு,
மா பூசிய மாமன் வீரபத்திரன்

*

கொழும்பு
29.07.2025

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை இந்த முறை யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை.

நான் மூட்டையா, மாமா? ஜூனிலிருந்து நீங்கள் எழுதிய எல்லாவற்றையும் எடுத்து வைத்துப் படித்தேன். என்னை யார் தூக்குவது என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. என்னைத் தூக்கி எங்கே இறக்கி விடப்போகிறீர்கள், அங்கே யார் இருக்கிறார் என்று ஒரு வரி இல்லை. அவர் பெயரை நீங்கள் ஒருமுறைகூட எழுதவில்லை. வீட்டைப் பற்றிக் கேட்டால் எழுதுவேன் என்று சொன்னேன். நீங்கள் கேட்கவில்லை.

உங்களைப் பார்க்க மழையில் வந்தார். திரும்பி வந்து, "உங்க மாமா அருமையான மனுசன், பிரியா. ஆனா நான் என்ன வேலை செய்றேன்னுகூட கேக்கல" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அப்பா இல்லாத எனக்கு, 'பையன் எப்படி?' என்று கேட்க நீங்கள் இருக்கிறீர்கள் என்று நினைத்திருந்தேன்.

நீங்கள் சொன்னபடியே நடந்து வருகிறேன். சின்ன மாமாவிடமும் சொல்லிவிட்டேன். யாரும் யாருக்கும் தலைப்பாகை கட்டவேண்டாம்.

காலை ஊன்றாதீர்கள். மாத்திரைகளைச் சாப்பிட்டபின் போடுங்கள்.

பிரியந்தினி

*

டிக்கோயா
11.08.2025

பிரியந்தினிக்கு,

இந்தக் கடிதத்தை நாலு முறை தொடங்கிக் கிழித்தேன். முதல் மூன்றிலும் சிறுத்தை வந்துவிட்டது.

போன ஞாயிறு கணேசனை வரச் சொன்னேன். எழுந்து நின்று கட்ட முடியாது, அதனால் கட்டிலோரம் அவனை மண்டி போட வைத்துக் கட்டினேன். எங்கள் அப்பா கட்டிய அதே சிவப்புத் துணி. அவன் தலை ஆடிக்கொண்டே இருந்தது.

"ஏன்டா ஆடுற? நேரா வை."

"பயமா இருக்குண்ணே."

"என்னாடா பயம்?"

"கீழ போட்டுட்டா? எனக்கு முதுகுவலிண்ணே. யாருகிட்டயும் சொல்லல. நீங்க தூக்குவீங்கன்னுதான் தைரியமா இருந்தேன்."

அந்தத் தோளுக்கு உள்ளே அப்படி ஒரு முதுகு. இருவரும் சிரித்தோம். உன் அத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். மூச்சைப் பிடித்து எப்படிக் குனியவேண்டும், எந்தக் கை முழங்காலுக்கடியில் போகவேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். அவன் தயார். ஆனால் தூக்குவதா, நடப்பதா என்பது உன் விருப்பம். உன்னைக் கேட்காமல் நாங்கள் இரண்டு பேர் முடிவு செய்தது போதும். நீ நடந்து வந்தாலும் அந்தத் தலைப்பாகையோடு அவன் உன் பக்கத்தில் வரட்டும். நான் மணவறைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன்.

இன்னொன்று எழுதவேண்டும். நிரஞ்சன் வந்த அன்று நான் கதை அளந்துகொண்டிருந்தபோது என் காலுக்கடியில் தலையணை சரிந்துவிட்டது. பேச்சுச் சுவாரசியத்தில் எனக்கே தெரியவில்லை. அவன் கதை கேட்டபடியே எழுந்து, என் குதிகாலைக் கையில் ஏந்தி, தலையணையைச் சரியாக வைத்துவிட்டு, ஒன்றும் செய்யாதவன் போலத் திரும்ப உட்கார்ந்தான். வலிக்கவே இல்லை. உன் அத்தை தூக்கினால்கூட எனக்கு வலிக்கும்.

அதைப் போன கடிதத்தில் உனக்கு எழுதியிருக்கலாம். எழுதப் பிடிக்கவில்லை. அவன் போனதும்தான் எனக்கு மா மூட்டை ஞாபகம் வந்தது. கணேசன் உன்னை வாசலிலிருந்து மணவறை வரைக்கும்தான் தூக்குவான். அங்கிருந்து உன்னை ஒரேயடியாகக் கூட்டிப்போகப் போகிறவன் நிரஞ்சன். எனக்குப் பிள்ளை குட்டி இல்லை. நீதான் இருந்தாய். அதற்கு மேல் இதை எழுத எனக்கு வராது.

இப்போது கேட்கிறேன். அவன் என்ன வேலை செய்கிறான்? கோபம் வந்தால் கத்துவானா, பேசாமல் இருந்து கொல்லுவானா? உனக்குத் தலைவலி வந்தால் அவனுக்குத் தெரியுமா, நீ சொல்லவேண்டுமா? வத்தளை வீட்டில் காற்று வருகிறதா? மாடிப்படிக்குக் கைப்பிடி இருக்கிறதா?

ஒன்று விடாமல் எழுது. கெட்ட பதில் என்றால் இந்த இரண்டு கட்டையையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு வட்டவளைக்கு ரயில் ஏறுவேன். நல்ல பதில் என்றால் வயிறு எரியும். எரியட்டும், எழுது.

உன் மாமன்,
வீரபத்திரன்