நீல டாப்ஸின் முன்பக்கம்

அன்புத் தங்கைக்கு,

அக்கா நலம். எழுந்து உட்கார்ந்து, என் கையாலேயே எழுதுகிறேன் என்பதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. கேட்டால் எனக்கென்ன குறை என்பாய். ஃபோனில் இந்தப் பேச்சை எடுத்தாலே அடுப்பில் பால் பொங்குகிறது என்று வைத்துவிடுகிறாய். அவ்வளவு பாலை யார்தான் குடிக்கிறார்களோ! அதனால்தான் கடிதம்.

நான் விழவே இல்லை. கடையில் ஒரு துணிக்கட்டைக் குனிந்து தூக்கினேன், அவ்வளவுதான். முதுகில் சுரீர் என்றது. மேசையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். படம் எடுத்துப் பார்த்த டாக்டர், முதுகெலும்புல ஒண்ணு நசுங்கியிருக்கு, எலும்பெல்லாம் உள்ளுக்குள்ள வலுவில்லாம போயிருக்கு, இது ஒரே நாள்ல வந்ததில்லைம்மா என்றார். வலியைவிட அந்தக் கடைசி வார்த்தைதான் சுட்டது.

இப்போது பெல்ட் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறேன். எழும்போது உடம்பை முறுக்கக் கூடாதாம். மொத்தமாக ஒருக்களித்துப் புரண்டு, காலைக் கீழே போட்டு, கையை ஊன்றித்தான் எழ வேண்டும். பயிற்சி சொல்லித்தரும் பெண் வாய்க்கு வாய் ஆன்ட்டி ஆன்ட்டி என்பாள், ஆனால் ஒரு நாள்கூட விடமாட்டாள். முதலில் அழுதேன். அப்புறம் கோபம் வந்தது. கோபம் வந்ததும் நடையும் வந்துவிட்டது. நான் குனியாமல் துணி வெட்ட வேண்டும் என்று உன் அத்தான் கட்டிங் மேசையின் கால்களுக்குக் கட்டை கொடுத்து உயர்த்தி வைத்திருக்கிறார். ஆனால் கத்தரிக்கோலைத் தொட்டால் போலீஸ்காரர் மாதிரி வந்து நிற்கிறார். அடுத்த மாதம் அந்த மேசை முன்னால் நான் நிற்பேன், பார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வருடமாக என் டாப்ஸ் எல்லாம் பின்னால் தூக்கிக்கொண்டு முன்னால் தொங்கின. தையல்காரி புத்தி, அளவு தப்பு என்று நினைத்து முன்பக்கத்தை மடித்து மடித்துத் தைத்துக்கொண்டேன். கண்ணாடியில் துணியைப் பார்த்தேனே தவிர, வளைந்துவரும் முதுகைப் பார்க்கவில்லை. போன வாரம் நீ அனுப்பிய ஃபோட்டோவில் நீல டாப்ஸ் போட்டிருக்கிறாய். உன் அளவுக்கு நானே வெட்டியது. தைத்த அன்று கீழ்விளிம்பு நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது. இப்போது உனக்கும் முன்பக்கம் தொங்குகிறது. உன் அத்தானிடம் காட்டினால், ஃபோட்டோவைக் கோணலா எடுத்திருப்பாங்க, உனக்கு எல்லாத்துலயும் குத்தம்தான் என்கிறார். எனக்குத் தெரியாதா?

அம்மா கடைசிக் காலத்தில் நம் முகத்தைப் பார்க்க எவ்வளவு சிரமப்பட்டுத் தலையைத் தூக்குவாள், ஞாபகம் இருக்கிறதா? வயதாகிவிட்டது என்று நாம் இருவரும் சும்மா இருந்துவிட்டோம். எலும்பு அடர்த்தி ஸ்கேன் வலிக்காது, சும்மா படுத்திருந்தால் போதும். மருந்து இருக்கிறது. உனக்கு நேரமும் இருக்கிறது. எனக்கு நசுங்கிய பிறகுதான் எல்லாம் தெரிந்தது.

பயமாக இருக்கிறது என்று நீ சொல்லமாட்டாய். எனக்குப் பயமாக இருக்கிறது, நானே சொல்லிவிடுகிறேன். இந்த வாரமே போய்ப் பார்த்துவிடு. நீ தெம்போடு நூறு வயது இருக்க வேண்டும். என்னை அக்கா என்று கூப்பிட உன்னை விட்டால் வேறு யாரடி இருக்கிறார்கள்?

உன்னைத் திட்ட உரிமையுள்ள ஒரே ஆள்,
அக்கா