வந்த அரிசியிலும் ஒரு பிடி

அன்புக்கும் அடிக்கும் உரிய என் அப்பாவுக்கு,

இதனால் பரலோகவாசிகள் அனைவருக்கும் அறியத்தருவது: உடுப்பிட்டியில் உங்கள் மகனுக்கு மீசை அரும்பியிருக்கிறது. இடது பக்கம் மட்டும். வலது பக்கத்துக்கு இன்னும் கூப்பன் கிடைக்கவில்லை.

மற்றபடி யுத்தம் முடியவில்லை. நீங்கள் போன பிறகு பங்கீட்டுக் கூப்பனுக்குக் கிடைக்கும் அரிசி இன்னும் குறைந்துவிட்டது. ஆனாலும் உலை வைக்கும்போதெல்லாம் கடவுளுக்கென்று ஒரு பிடி எடுத்து மண்முட்டிக்குள் போடுவதை அம்மா விடவில்லை.

"எங்களுக்கே காணாதம்மா. கடவுளுக்குத் தனிக் கூப்பன் குடுத்திருப்பினம்தானே?" என்று கேட்டேன்.

"கொப்பர் இருந்திருந்தால் உந்த வாய்க்கு நல்லாக் குடுத்திருப்பார்" என்றார் அம்மா. நீங்கள் சிரித்திருப்பீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

சனிக்கிழமைகளில் சபை வீடுகளெல்லாம் போய் அந்தப் பிடியரிசியைச் சாக்கில் சேர்த்தவர் நீங்கள். அதை இல்லாதவர்களில் யார் வீட்டில் இறக்கினீர்கள் என்று எவ்வளவு துருவியும் சொன்னதில்லை. "ஓட்டைச் சாக்கடா, வழியிலை கொட்டுண்டிட்டுது" என்பீர்கள். இப்போது அந்தச் சாக்கு சபை மூப்பரிடம் இருக்கிறது.

வருகிற ஞாயிறு என்னைத் திருவிருந்தில் சேர்ப்பதாகப் போதகர் சொல்லியிருந்தார். ஆயத்த வகுப்பில் நான் எழும்பி, வரமாட்டேன் என்றேன்.

"ஏன் தம்பி?"

"வீட்டிலை ஒவ்வொரு நாளும் அண்டாட அப்பம் கேட்டு ஜெபிச்சம். அது கூப்பனிலையெண்டாலும் வருது. அப்பா பிழைச்சு வரவேணுமெண்டும் ஜெபிச்சம். அப்பா வரேல்லை."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மற்றப் பெடியள் வாயைப் பிளந்து பார்க்க, நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை மூப்பர் வந்து எங்கள் முட்டி அரிசியை வாங்கிப் போனார். பொழுது சாய்வதற்குள் திரும்பவும் வந்தார். இந்த முறை பின்னால் குசினி அடுப்படிப் பக்கமாக, ஒரு பை அரிசியோடு. அம்மாவின் முகம் கறுத்துவிட்டது.

"அண்ணை, நாங்கள் போடுற வீடு. வாங்கிற வீடில்லை."

"போடுற வீட்டுக்கு ஒண்டு, வாங்கிற வீட்டுக்கு ஒண்டு எண்டு என்னட்டை ரண்டு சாக்கோ இருக்கு, தங்கச்சி? ஒண்டுதான்." பையை வைத்துவிட்டு அவர் நடந்தார். சட்டை முதுகில் வியர்வை.

நான் அதைத் தொடமாட்டேன் என்றேன். அம்மா கேட்காதவர் போல அரிசியைச் சுளகில் கொட்டினார். சிவப்பு, வெள்ளை, பச்சை, புழுங்கல், எல்லா வீட்டு அரிசியும் ஒன்றாய்க் கிடந்தது. உலை கொதித்ததும் வழக்கம் போல அந்த அரிசியிலிருந்தே ஒரு பிடி எடுத்து முட்டிக்குள் போட்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அது அவையள் தந்ததம்மா. தந்ததையே திருப்பிக் குடுக்கிறியளோ?"

"இப்ப என்ரை கையிலை இருக்கு. என்ரை கையாலை போடுறன்."

"அதுவும் சுத்தி எங்களிட்டையே வந்தால்?"

"வரட்டுமன். வேறை வீட்டையும் போகுந்தானே. இருந்து சாப்பிடு."

சாப்பிட்டேன். பாதி குழைந்தும் பாதி பல்லில் கடிபட்டும் இருந்தது அந்தச் சோறு. அதற்குள் கடைக்கார மாமியின் பிடியும் இருந்திருக்கும். தன் ஆட்டுக்குப் போதகர் மாதிரிக் கழுத்துப்பட்டி கட்டி ஆராதனைக்குள் விட்டவன் யாரென்று அவர் இன்னும் தேடுகிறார். மாமி, இதை வாசித்தால் மன்னியுங்கள். அன்றைக்கு நீங்கள் போட்டது என் வயிற்றுக்குத்தான் வந்தது. திருவிருந்தில் ஏன் ஒரே அப்பத்தைப் பிட்டு எல்லாருக்கும் கொடுக்கிறார்கள் என்று வகுப்பில் வாய்ப்பாடு போல ஒப்புவித்தவன் நான். அதுவரை ஒரு சொல்லும் உள்ளே இறங்கியிருக்கவில்லை.

ஆனால் நெஞ்சு அமைதியாகவில்லை அப்பா. கடவுள் தந்தார் என்கிறார் அம்மா. நான் கண்டது மூப்பரின் நனைந்த முதுகு. இரண்டும் ஒன்றுதானா? அப்படியென்றால் எத்தனையோ வீட்டுக்கு அரிசி கொண்டுபோன உங்கள் முதுகைக் கடவுள் ஏன் இவ்வளவு சீக்கிரம் எடுத்தார்? சாக்கோடு போனபோது நீங்களும் இப்படிக் கேட்டதுண்டா?

நீங்கள் வெளியே விடாத விசயத்தை வாலிபர் சங்கப் பத்திரிகையில் எழுதுகிறேனே என்று கோபிக்காதீர்கள். எங்கள் வீட்டுக் கதையைத்தான் சொன்னேன். அம்மாவிடம் கேட்டேன். "எழுது, வெக்கமென்ன" என்றார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நான் வகுப்பை விட்டு எழும்பி வந்ததைக் கடவுளோடு கோபம் என்று பெடியள் பெரிதாகக் கதைக்கிறார்கள். வீரனாக இருக்க நல்லாயிருந்தது, அப்படியே கதைக்க விட்டுவிட்டேன். கோபம் கொஞ்சந்தான் அப்பா. மிச்சம் பயம். திருவிருந்துக்குப் போனால் அம்மாவுக்குப் பக்கத்தில், நீங்கள் முழந்தாளிட்ட இடத்தில் நான் முழந்தாளிட வேண்டும்.

ஞாயிறு போவேன். எல்லாருக்கும் முன்னால் அழுகை வந்தாலும் எழும்பி ஓடமாட்டேன். இது வாக்கு.

உங்கள் இடத்துக்கு இன்னும் அளவு போதாத மகன்,
ஜெயம்